ஆமைக்கு முட்டை முக்கியமா, தாய் முக்கியமா?

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஓர் ஆய்வுக் காடு இருக்கிறது. பெயர் இ.எஸ். ஜார்ஜ் ரிசர்வ். சதுப்பும் குட்டையும் நிறைந்த இடம். 1954-இல் அங்கே பிளாண்டிங் ஆமை என்ற நன்னீர் இனத்தில் ஒரு பெண்ணைப் பிடித்து, ஓட்டின் விளிம்பில் அடையாளம் போட்டு, மறுபடி விட்டார்கள். 2016-இல் அதே ஆமை திரும்பவும் கையில் கிடைத்தது. அப்போது அதற்குக் குறைந்தது 83 வயது.

அடையாளம் போடப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆமை ஓட்டின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். முக்கோண அரத்தால் அவற்றில் சிலவற்றில் ஒரு வெட்டு ராவிவிடுவார்கள். இடப்பக்கம் எத்தனையாவது தகடு, வலப்பக்கம் எத்தனையாவது தகடு என்பதுதான் அந்த ஆமையின் எண். ஓட்டுக்குள் இருப்பது எலும்பு என்பதால் வெட்டு பல பத்தாண்டுகள் நிற்கும். ஆமை ஆய்வில் இருக்கிற சங்கடமே இதுதான்: ஆய்வாளர் ஓய்வுபெற்றுப் போன பிறகும் ஆமை பாட்டுக்குக் குட்டையில் இருந்துகொண்டிருக்கும்.

ஆமை நெடுநாள் வாழும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. அதை ஏதோ அதற்குக் கிடைத்த வரம் போலப் பேசுகிறோம். வரமெல்லாம் இல்லை, அது கட்டாயம். நெடுநாள் வாழாவிட்டால் ஆமை இனம் நிலைக்கவே நிலைக்காது. ஏன் என்பது புரிந்துவிட்டால், குளம், சதுப்பு, ஆறுகளில் இருக்கிற நாட்டு ஆமைகளைக் காப்பாற்ற எது உண்மையில் உதவும், எது வெறும் மனத்திருப்தி என்பதும் விளங்கிவிடும். நாட்டு ஆமை என்று இங்கே சொல்வது, மனிதர் கொண்டுவந்து விடாமல் ஒரு நிலப்பகுதியில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் இனங்களை. உயிரியலில் இவற்றுக்கு இயல் இனங்கள் என்று பெயர்.

ஓர் உயிர் எந்த வயதில் பருவமடைகிறது, எத்தனை முட்டை இடுகிறது, எத்தனை தடவை இடுகிறது, எந்த வயதில் எவ்வளவு சாகிறது என்ற விவரங்களை எல்லாம் சேர்த்து உயிரியலாளர்கள் 'வாழ்க்கை வரலாறு' என்பார்கள். சுயசரிதை மாதிரி ஒலிக்கும். நாம் அதை வாழ்க்கைக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் நிஜமாகவே அது வரவு செலவுதான்.

குழிக்குள் என்ன நடக்கிறது

நன்னீர் ஆமை வாழ்வது தண்ணீரில் என்றாலும் முட்டையிட, அநேகமாக எல்லா இனங்களும், கரையேறித்தான் ஆக வேண்டும். மூச்சு விடும் கரு உள்ளே இருக்கிறது, தண்ணீருக்குள் முட்டை மூழ்கிக் கிடந்தால் கரு செத்துவிடும். குளிர்நாடுகளில் வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் சமயத்தில், பெரும்பாலும் மாலை நேரத்தில், பெண் ஆமை வெளியே வரும். வெயில் நன்றாக விழுகிற, மண் இளகிய இடமாகப் பார்க்கும். பிளாண்டிங் ஆமை இதற்காக ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட நடக்கும்.

இடம் பிடித்துவிட்டால் முன்கால்களை ஊன்றிக்கொண்டு பின்கால்களால் தோண்டத் தொடங்கும். ஒரு கால் மண்ணை அள்ளி ஓரமாக வைக்கும், அடுத்தது அடுத்த கால், மாற்றி மாற்றி. மண் இறுகியிருந்தால் தன் மூத்திரப் பையில் சேர்த்து வைத்த நீரை ஊற்றி நனைத்துக்கொள்ளும். குழி வாய் குறுகி, அடி அகன்று, குடுவை வடிவில் இருக்கும். முட்டை ஒவ்வொன்றாக விழும்போது பின்காலாலேயே அவற்றை ஒதுக்கி வைக்கும். பிறகு மூடி, மேலே மண்ணை அழுத்தி, இலைதழை தள்ளி, தண்ணீருக்குத் திரும்பிவிடும். இவ்வளவு வேலையையும் அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாம் முதுகுக்குப் பின்னால், கால் உணர்ச்சியை வைத்தே நடக்கிறது. தன் குஞ்சைத் தாய் பார்ப்பதும் இல்லை.

அன்றிரவே ரக்கூன், நரி, ஸ்கங்க் என்று யாராவது மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். பறிபோகும் கூடுகளில், அதாவது முட்டைக் குழிகளில், பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே பறிபோகிறது. காலையில் போய்ப் பார்த்தால் குழியைச் சுற்றி வெள்ளைத் தோல் சுருள்சுருளாகக் கிடக்கும்.

தப்பித்த முட்டைகளுக்கு வேறொரு விதி. பெரும்பாலான ஆமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மண்ணின் வெப்பம். அடைகாலத்தின் நடுப்பகுதியில் மண் சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் என்பது பொது விதி. ஸ்நாப்பிங் ஆமை என்கிற கடிக்கும் ஆமையில் ரொம்பக் குளிர்ந்தாலும் பெண், ரொம்பச் சுட்டாலும் பெண், நடுவில்தான் ஆண். மென்னோட்டு ஆமைகள் இந்த ஆட்டத்திலேயே இல்லை. அவற்றின் பாலினத்தை நம்முடையதைப் போலவே மரபணுதான் தீர்மானிக்கிறது. உலகம் சூடாகிவரும் நிலையில் ஆமை ஆய்வாளர்கள் குழிக்குள் வெப்பமானியைச் செருகி வைப்பது இதனால்தான்.

பொரிந்து வரும் குஞ்சு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். ஓடு இன்னும் இறுகியிருக்காது. கொக்கு, காகம், பெரிய தவளை, மீன் என்று வாய் திறந்தவற்றுக்கெல்லாம் அது இரை. வட அமெரிக்காவின் வண்ண ஆமைக் குஞ்சுகள் பல இடங்களில் இலையுதிர் காலத்தில் பொரிந்தும் வெளியே வராமல், முட்டைக் குழியிலேயே முழுக் குளிர்காலத்தையும் கழிக்கின்றன. மண் உறைநிலைக்குக் கீழே போனாலும் உடல் நீர் பனிக்கட்டியாகாமல் தாக்குப்பிடிக்கும் திறன் அவற்றுக்கு உண்டு.

இப்படி எல்லாவற்றையும் கடந்து வளர்ந்த ஆமை ஆவதற்குள் எத்தனை மிஞ்சும்? கனடாவின் ஆல்கோன்குவின் பூங்காவில் கடிக்கும் ஆமைகளை 1972 முதல் கவனித்து வருகிறார்கள். அங்கே கிடைத்த கணக்குப்படி, ஆயிரம் முட்டைக்கு ஒன்றுகூடப் பெரிய ஆமையாகத் தேறுவதில்லை.

வரவு செலவு

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். பிளாண்டிங் ஆமை பருவமடைய 14 முதல் 20 ஆண்டு ஆகிறது. அப்புறம் ஒரு தடவைக்குச் சுமார் பத்து முட்டை. எல்லா ஆண்டும் இடுவதும் இல்லை. எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டுமானால் ஒரு பெண் ஆமை தன் ஆயுளில் தனக்கொன்று, துணைக்கொன்று என இரண்டு வாரிசுகளைப் பெரியவர்களாக்கிவிட்டுப் போனால் போதும். கேட்க எளிது. ஆனால் ஒரு பேச்சுக்கு இருநூறு முட்டைக்கு ஒன்று தேறும் என்று வைத்தால்கூட இரண்டு தேற நானூறு முட்டை வேண்டும். ஆண்டு தவறாமல் இட்டால்கூடப் பத்து வீதம் நாற்பது ஆண்டு. பருவமடையவே பதினேழு ஆண்டு ஆனதைச் சேர்த்தால், அந்த ஆமை ஐம்பத்தேழு வயது வரை சாகக் கூடாது. நெடுநாள் வாழ்வது கட்டாயம் என்றேனே, அது இதுதான்.

உடலும் இந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கிறது. விலா எலும்புகளே அகன்று இணைந்து மேலோடாகியிருக்கின்றன. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு உள்ளே போய்விட்டது, வேறெந்த முதுகெலும்பிக்கும் இல்லாத ஏற்பாடு. வளர்ந்த ஆமையைக் கடித்துத் தின்ன முடிகிற விலங்குகள் குறைவு. மூப்பும் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. உயிரியல் பூங்காக்களில் வாழும் 52 ஆமை இனங்களின் பதிவேடுகளை அலசி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் முக்கால்வாசி இனங்களில் வயது ஏறுவதால் சாவு விகிதம் ஏறுவது மிக மெதுவாகவோ இல்லாமலோ இருந்தது. வயதான பிளாண்டிங் பெண் ஆமைகள் இளையவற்றைவிட அதிகமாகவே முட்டையிடுகின்றன என்பதும் மிச்சிகனில் தெரியவந்தது. கிழடு என்று தள்ளிவிட முடியாது. இனத்தின் பலமே அவைதான்.

அதே மிச்சிகன் காட்டில் ஜஸ்டின் காங்டன் என்ற உயிரியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் பல ஆண்டுத் தரவுகளைத் திரட்டி 1993-இல் வெளியிட்டார்கள். வளர்ந்த பிளாண்டிங் ஆமைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 96 உயிர் பிழைக்கின்றன. அதாவது நாலு சாகின்றன. இந்த நாலைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். நாலு சதவீதம் செத்தால் ஒரு கூட்டம் பாதியாகக் குறையச் சுமார் 17 ஆண்டு ஆகும். அதற்குள் இன்று பொரிந்த குஞ்சுகள் பருவத்துக்கு வந்து இடத்தை நிரப்பும். சாவு பத்து சதவீதமானால் அதே 17 ஆண்டில் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்கு. பிள்ளை பெரியவளாவதற்குள் தாய்மார் தலைமுறையே கரைந்துபோய்விடும். நாலுக்கும் பத்துக்கும் வித்தியாசம், நூறு ஆமைகள் இருக்கிற ஒரு சதுப்பில் ஆண்டுக்கு வெறும் ஆறு ஆமை. ஒரு சாலையில் ஒரு பருவத்தில் ஆறு அடிபட்டால் யார் கண்ணிலாவது படுமா?

சுருக்கமாகச் சொன்னால் முட்டைகள் வட்டி, வளர்ந்த பெண் ஆமைகள் முதல். வட்டி ஓராண்டு வராமல் போனாலும் தாங்கிக்கொள்ளலாம், முதலில் கைவைத்தால் எழுந்திருக்க முடியாது.

இதை இயற்கையே ஒருதடவை சோதித்துக் காட்டியது. ஆல்கோன்குவினில் குளிர்காலம் வந்தால் கடிக்கும் ஆமைகள் பனி மூடிய நீருக்கடியில் போய்க் கிடந்துவிடும். மாதக்கணக்கில் மேலே வந்து மூச்சு விடாது. உடல் குளிர்ந்து எல்லா வேலையும் மந்தமாகிவிடுவதால் சொற்ப ஆக்சிஜனே போதும். வண்ண ஆமை இதில் இன்னும் ஒருபடி மேலே: ஆக்சிஜன் அறவே இல்லாத குளிர்நீரில் மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஓட்டிலிருந்து கரையும் கால்சியம் உப்புகளைக் கொண்டு சமாளிக்கிறது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் அந்த நேரத்தில் யாராவது தாக்கினால் நகரக்கூட முடியாது. 1980-களின் பிற்பாதியில் அங்கே நீர்நாய்கள் சில குளிர்காலங்களில் உறக்கத்திலிருந்த பெரிய ஆமைகளைத் தேடிப்பிடித்துக் கொன்றன. பெரிய ஆமைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. பிறகு நீர்நாய்த் தொல்லை ஓய்ந்தது. ஆள்கள் குறைந்ததால் மிச்சமிருந்தவை இன்னும் வேகமாகப் பெருகி இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா, அது நடக்கவில்லை. இருபது ஆண்டுகள் தாண்டியும் எண்ணிக்கை பழைய நிலைக்கு வரவில்லை.

முயலையோ மீனையோ பிடிப்பதற்குப் போடுகிற கணக்கை ஆமைக்குப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அவற்றில் கொஞ்சம் எடுத்தால் மிச்சம் பெருகி ஈடுகட்டும். ஆமையிடம் அந்தத் தாராளம் கிடையாது.

கடலிலும் இதே பாடம்தான் கிடைத்தது. அமெரிக்கக் கரையில் பெருந்தலை ஆமைகளுக்காகக் கடற்கரையில் முட்டைகளைக் காவல் காப்பதில்தான் வெகுகாலம் முழுக் கவனமும் இருந்தது. 1987-இல் வெளியான ஒரு கணித மாதிரி, முட்டை நூற்றுக்கு நூறு பிழைத்தாலும் அது மட்டும் போதாது, கடலில் வளர்ந்துவரும் பெரிய ஆமைகளின் சாவைக் குறைத்தால்தான் எண்ணிக்கை ஏறும் என்று காட்டியது. இறால் வலைகளில் ஆமை வெளியேறும் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அது பெரிய பலமாக அமைந்தது.

அப்படியானால் முட்டையை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இங்கேதான் நிறையப் பேர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றங்கரையில் 1980-களின் தொடக்கத்தில் ஆமைக் கூடுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நரிகள் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. நரி அந்தக் கண்டத்துக்கு உரியதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பியர் கொண்டுவந்தது. ஆற்றில் வலைபோட்டுப் பார்த்தால் ஆமைக்குக் குறைவில்லை. எல்லாம் பெரிய ஆமைகள். குஞ்சு குட்டிகளைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆமைகள் நரிகள் பெருகியதற்குப் பிறகும் தாக்குப்பிடித்த முதியவை. இடம் நிரப்ப ஆளில்லாமல் அவை வயதாகிக்கொண்டே போயின. பிற்காலத்தில் கணக்கெடுத்தபோது பல இடங்களில் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்திருந்தது.

நீண்ட ஆயுளின் ஆபத்தான பக்கம் இது. இனம் அழிந்துகொண்டிருப்பதை அது முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு மறைத்துவிடும். "எங்கள் குளத்தில் எப்போதும் ஆமை இருக்கிறதே" என்று சொல்பவர் பார்ப்பது சிறுவயதில் பார்த்த அதே ஆமைகளாக இருக்கலாம். ஆமைகள் இருக்கின்றனவா என்று கேட்பதைவிடச் சின்ன ஆமைகள் கண்ணில் படுகின்றனவா என்று கேட்பதே சரியான கேள்வி.

வட அமெரிக்காவில் ரக்கூன்கள் மனிதர் போடும் குப்பையைத் தின்று பெருகியிருப்பதால் அங்கேயும் இதே நெருக்கடி பல இடங்களில் உண்டு. கூட்டின் மேல் கம்பிவலைக் கூடு கவிழ்ப்பது, முட்டையை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைப்பது, குஞ்சை ஓராண்டு ஈராண்டு வளர்த்து விடுவது எல்லாம் இத்தகைய இடங்களில் பயன்படும். ஆனால் பெரியவை செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இவற்றை மட்டும் செய்தால், ஓட்டைப் பானையில் நீர் வார்த்த கதைதான். குஞ்சு விடும் விழா புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். சாலைக்கு அடியில் போடும் சுரங்கக் குழாயை யாரும் படம் எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் பணம் முதலில் போக வேண்டிய இடம் அந்தக் குழாய்தான்.

பெரியவை எதனால் சாகின்றன

முதல் காரணம் சாலை. சதுப்பை ஒட்டிப் போடும் சாலையின் ஓரம் சரளையும் வெயிலுமாக, முட்டையிட ஏற்ற இடமாக அமைந்துவிடுகிறது. ஆண் ஆமை தண்ணீரிலேயே இருந்துவிட முடியும். கரையேறி நடக்க வேண்டியது பெண். அதனால் வண்டிச் சக்கரம் கூட்டத்திலிருந்து பெண்ணையே பொறுக்கி எடுக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், சாலைகள் அடர்ந்த பகுதிகளின் குளங்களில் ஆண் ஆமைகளின் விகிதம் அதிகமாக இருந்தது.

சாலையில் ஆமையைக் கண்டால், நமக்கு ஆபத்தில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அதே பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். தண்ணீர் இந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று திருப்பி விட்டால் அது மறுபடி சாலையில் ஏறும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத் தூரத்து ஏரியில் கொண்டுபோய் விடவும் கூடாது. பல ஆமைகளுக்குத் தன் இடம் அத்துப்படி, அதைத் தேடிக் கிளம்பி மறுபடி சாலைகளில் மாட்டிக்கொள்ளும். கடிக்கும் ஆமையை வாலைப் பிடித்துத் தூக்குவது பலருடைய பழக்கம். அதனால் முதுகெலும்பு விலகிவிடும். பின்பக்க ஓட்டைப் பிடிக்க வேண்டும், அல்லது ஒரு பாயைப் போட்டு அதன்மேல் ஏற்றி இழுத்துவிட வேண்டும்.

அடுத்தது மனிதர் எடுத்துக்கொண்டு போவது. உணவுக்கு, மருந்துக்கு, வளர்ப்புக்கு. 1990-களில் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து ஆமைகள் டன் கணக்கில் சீனச் சந்தைகளுக்குப் போயின. யாங்சி பெருமென்னோட்டு ஆமை இன்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. சீனாவின் சூசோ பூங்காவில் இருந்த பெண் 2019-இல் செயற்கைக் கருவூட்டலுக்குப் பிறகு இறந்தது. வியட்நாமின் ஒரு ஏரியில் 2020-இல் பிடித்துப் பெண் என்று உறுதிசெய்யப்பட்ட ஆமையும் 2023-இல் செத்து மிதந்தது. உலகில் இருக்கிற சுமார் 350 ஆமை இனங்களில் பாதிக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளவை. முதுகெலும்பிகளில் இவ்வளவு மோசமான நிலையில் இருக்கும் கூட்டங்கள் குறைவு.

வளர்ப்பு வியாபாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தலையின் பக்கவாட்டில் சிவப்புப் பட்டையோடு தொட்டிகளில் விற்கும் குட்டி ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையைச் சேர்ந்த செங்காது ஸ்லைடர். உள்ளங்கையில் அடங்கும் அது சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து, இருபது முப்பது ஆண்டு வாழும். சால்மொனெல்லா தொற்றுக்குப் பயந்து அமெரிக்காவே 1975-இல் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனைக்குத் தடை போட்டது. ஏற்றுமதி மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இறக்குமதியை நிறுத்தியது. அதற்குள் சலித்துப்போனவர்கள் ஊர்க் குளங்களில் கொண்டுவிட்ட ஸ்லைடர்கள் பல நாடுகளில் வேரூன்றிவிட்டன. வெயில் காயும் கட்டைகளிலிருந்து நாட்டு ஆமைகளைத் தள்ளிவிடுகின்றன, தீனிக்குப் போட்டியிடுகின்றன. நோயும் பரப்பக்கூடும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

இதற்கெல்லாம் நடுவே மீண்டுவரும் இனங்களும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரை ஒட்டிய சில சதுப்புகளில் மட்டும் வாழும் ஒரு சிறிய ஆமை இனம், அழிந்தே போனதாகக் கருதப்பட்டு 1953-இல் மறுபடி கண்டறியப்பட்டது. 1980-களில் ஐம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியது. அங்கே செய்ததைப் பாருங்கள்: முதலில் வாழிடத்தை ஒதுக்கி, நரி நுழையாத வேலி போட்டார்கள். பெர்த் உயிரியல் பூங்காவில் இனப்பெருக்கம் செய்து நூற்றுக்கணக்கில் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டது அதற்குப் பிறகுதான். மழை குறைந்து சதுப்பு சீக்கிரம் வற்றுவதால், 2016 முதல் தெற்கே ஈரமான இடங்களிலும் விட்டுப் பார்க்கிறார்கள். விட்ட குட்டி பருவமடையப் பத்துப் பன்னிரண்டு ஆண்டாவது ஆகும் என்பதால் முடிவு தெரிய வெகுநாள் காத்திருக்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டம், ஐந்தாண்டு நிதி என்று ஓடுகிற அலுவலகங்களுக்கு ஆமை ஒத்துவராத பிராணி.

வீட்டுத் தொட்டியில் ஸ்லைடர் வைத்திருப்பவர்கள் அதை எக்காரணம் கொண்டும் குளத்தில் விட வேண்டாம். வைத்துப் பராமரிக்க முடியாவிட்டால் வனத்துறையிடமோ விலங்கு மீட்பு அமைப்பிடமோ கேட்டு ஒப்படைக்கலாம். வெளியே எங்காவது ஆமை முட்டையிடுவதைப் பார்த்தால் சற்றுத் தள்ளி நின்று, அது முடித்துவிட்டுப் போகும்வரை நாயை நெருங்கவிடாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஓட்டு விளிம்பில் சீரான வெட்டுகள் தெரிந்தால் ஒரு படம் எடுத்து, அவை இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனையாவது தகட்டில் என்று குறித்துக்கொண்டு உள்ளூர் வனத்துறைக்கோ பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ தெரிவிக்கலாம். அந்த எண் யாரோ ஒருவருடைய பதிவேட்டில் இருக்கும்.